மாப்பிள்ளை வாட்ச்

பின்மூடியைக் கழற்றி நம்பரைக் காட்டுகிறேன் மேடம் என்று வாட்சை எடுத்துக்கொண்டு உள்ளே போன மனிதர் இன்னும் வரவில்லை. பெட்டியை மட்டும் என் முன்னால் கண்ணாடி மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏசி குளிரில் கால் விரல்கள் மரத்துப் போகின்றன, செருப்பை வேறு வாசலில் கழற்றச் சொல்லிவிட்டார்கள், வாட்ச் கடைக்கு எதற்கு இந்தப் பக்தி, என்ன கோயிலா இது. கோயமுத்தூரில் இப்படித்தான் ஆகிவிட்டது, மாடியில் ஒரு அறையைப் பிடித்து ஒரு சோபாவைப் போட்டு மஞ்சள் விளக்கு நாலைத் தொங்கவிட்டால் பழைய சாமானுக்கும் மரியாதை வந்துவிடுகிறது. பழையது என்று சொல்லக்கூடக் கூடாதாம். பழைய வாட்ச் பார்க்க வந்திருக்கிறேன் என்றுதான் உள்ளே நுழைந்ததும் சொன்னேன், ஜவஹர் என்று பெயர் சொன்ன அந்தக் கடைக்காரர், வயதுக்கு மீறி வழுக்கை விழுந்த நல்ல மனிதர்தான், லேசாக முகம் சுளித்து, பழசுன்னு சொல்லாதீங்க மேடம், ப்ரீ-ஓன்ட்டுன்னு சொல்லுங்க என்றார். சரி அப்பா, அப்படியே சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள் நான், லேபிளை வெட்டிவிட்டு ரோட்டோரம் குவித்துப் போடுகிற எக்ஸ்போர்ட் துணிக்கு எத்தனை பெயர் வைத்து விற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா. லேபிளை வெட்டினாலும் சட்டை சட்டைதான், உடுத்தினால் உடம்பை மூடும். இந்த வாட்சுக்கு மட்டும் பேப்பர் இல்லை என்றதும் ஏன் எல்லாரும் இழவு விழுந்த மாதிரி பேசுகிறார்கள். பேப்பர் என்றால் என்ன, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கார்டு, அதில் ஒரு நம்பர், ஒரு தேதி, ஒரு கடை முத்திரை. அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் இன்னொரு விலை. மணி இரண்டிலும் ஒன்றுதான் காட்டும். கம்பெனிப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அது இந்தக் கதிக்கு வந்தது.

ஒண்ணும் வேண்டாமுங்க. இந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தங்கச்சி மிருதுளாவைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை நவநீதனின் அம்மா சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, காபியை ஆற்றியபடி, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யணுமோ அதைச் செய்யுங்க என்றார். இதைவிட நேராக ஒரு பட்டியலைப் போட்டுக் கையில் கொடுத்திருக்கலாம். அப்பா அதைக் கேட்டு அப்படியே உருகிப் போனார். மிருது அன்றைக்கே மாடிக்கு ஓடி வந்து, பார்த்தயாக்கா, அவங்க ஒண்ணுமே கேக்கல என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள், அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவள் மாதிரி ஒரு பெருமை. அவள் மாடியில் என் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் கீழே, கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நவநீதன் எங்கள் அப்பாவிடம் போனை நீட்டிப் படம் காட்டியிருக்கிறான். மாமா, மாப்பிள்ளைக்கு வாட்ச் எப்படியும் போடுவீங்கல்லங்க, போட்டா இந்த மாடல் போட்டுருங்க, நீல டயல். மாமா என்று கூப்பிட்டுவிட்டானாம், அப்பாவுக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது. மறுநாள் அவன் அம்மா போன் போட்டு, பேப்பரோட இருந்தா நல்லாருக்குமுங்க, இப்ப டூப்ளிகேட் நெறைய வருதாமா என்றார். ஒண்ணும் வேண்டாம் என்றவர்களுக்கு ஒன்று வேண்டியிருந்தது, அந்த ஒன்றுக்குப் பேப்பரும் வேண்டியிருந்தது. காங்கேயத்தில் அப்பாவுக்குத் தேங்காய்க் களம், இந்த வருடம் கொப்பரை காய்கிற நேரத்தில் மழை அடித்துக் களமெல்லாம் பூசணம் பிடித்துக் கிடக்கிறது, புது வாட்சுக்கு எங்கே போவார். அதனால் பழசு. மன்னிக்க வேண்டும், ப்ரீ-ஓன்ட். பேப்பரோடு இருப்பது புதுசுக்கு அடுத்த விலை சொல்கிறது, அதனால் பேப்பர் இல்லாதது. அதற்கும் அப்பா ஒரு வழி வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாமானின் பில்லும் கார்டும் பெண் வீட்டுப் பீரோவில்தான் இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் பில்லைக் காட்டு என்று வாய்விட்டுக் கேட்க முடியாது, கேட்டால் அவர்களுக்குத்தான் கேவலம். யாராவது மூக்கை நுழைச்சா பேப்பரு எங்ககிட்ட பத்திரமா இருக்குதுன்னு சொல்லிப் போடலாம் அம்மிணி என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்து, ஆனா நெசமாலுமே பேப்பர் இல்லாட்டி நாளைப் பின்ன ஒண்ணுன்னா நாம எதை வெச்சுட்டுப் பேசறது என்று அவராகவே கவலைப்பட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்த நாளைப் பின்ன என்பதற்குப் பீரோவில் இடம் ஒதுக்கி வைக்கிற ஊர் இது.

நீதான் போய்ப் பார்த்து வாங்கணும், உனக்குத்தான் சாமான் பார்க்கத் தெரியும், மிருதுக்கு மட்டும் மூச்சு விட்றாத என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்குவதற்கு நான் வேண்டும். பேரம் பேச நான், மண்டபம் பார்க்க நான், சமையல்காரரோடு சண்டை போட நான். ஆனால் நிச்சயத்தன்று சீர்த்தட்டு எடுக்க மட்டும் நான் கூடாது. போன வாரம் சரோஜா அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே, நிமிர்ந்து என்னைப் பார்க்காமலே, தட்டை நீ எடுக்க வேண்டாங்கண்ணு, உங்க சித்தி மக எடுக்கட்டும், நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க என்றார். ஆமாம், புருசனோடு வாழாதவள் கை பட்டால் தட்டு கறுத்துப் போய்விடும். அந்தத் தட்டில் உட்கார்ந்திருக்கப் போகிற வாட்சை நான்தான் விரலால் தடவித் தடவிப் பார்த்து வாங்குகிறேன், அப்போது கறுக்காதா. வாட்ச் என் கையிலிருந்து போகும்போது அதைக் கங்காஜலத்தில் கழுவுவார்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை, வெங்காயம் எனக்கும் கண்ணில் பட்டிருந்தது. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அத்தையை விடு, அவர் அப்படித்தான். அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மடித்த பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது, ஆனால் நிமிரவில்லை.

உள்ளே ஏதோ சின்ன இரும்புச் சத்தம் கேட்கிறது, பின்மூடி திறக்கிறது போல. எழுந்து எட்டிப் பார்க்கிறேன், எதற்குப் பார்க்க வேண்டும். தெரியாதது போல நடிக்காதே நித்யா, உனக்குத் தெரியும். அதே மாடல், அதே நீல டயல், வார் பக்கத்தில் அதே இடத்தில் ஒரு கீறல். என் கல்யாணத்துக்கு இந்த மாடலை அப்பா புதுசாகவே வாங்கினார், அப்போது களம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. விமல்குமாருக்கு அதைக் கட்டிவிடும்போது மேடையே கைதட்டியது, யாரோ ஒரு பெரியவர் சத்தமாக விலையைச் சொன்னார், விமல்குமார் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தாலி கட்டும்போதுகூட அவன் என் முகத்தைப் பார்த்ததைவிட மணிக்கட்டைப் பார்த்ததுதான் அதிகம். கார்டும் பில்லும் எங்கள் வீட்டுப் பீரோவில், என் கூறைப்புடவைக்கு அடியில். சாமான் அவங்ககிட்ட, பில்லு நம்மகிட்ட என்று அப்பா அன்று ராஜதந்திரம் செய்த மாதிரி சிரித்தார். இரண்டாம் வருடம் தெரிந்தது, பெங்களூரில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாள், நான் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறாள், வாரக் கடைசியில் ஆபீஸ் வேலை என்று போனதெல்லாம் அங்கேதான். உறவை முறித்துவிடுகிற பேச்சு எங்கள் மாமா வீட்டு ஹாலில் நடந்தது. பாத்திரம் வந்தது, கட்டில் வந்தது, நகையில் முக்கால்வாசி வந்தது. அப்பா பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, வாட்சு என்றார். விமல்குமாரின் பெரியப்பா சிரித்தார், போட்ட சீரத் திருப்பிக் கேக்கறதாங்க, எங்கீங்க நடக்குது இதெல்லாம். அந்த நேரத்தில் அது அவன் கையில்தான் இருந்தது. அவன் மெதுவாகச் சட்டைக் கையை இழுத்து அதன் மேல் விட்டுக்கொண்டான். அதைப் பார்த்த எரிச்சல் இருக்கிறதே, பெங்களூர்க்காரியைப் பற்றிக் கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு வரவில்லை. இதெல்லாம் போகட்டும். அதே பெரியப்பா கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். இன்னைக்குத்தான் தெரிஞ்ச மாதிரி எல்லாரும் குதிக்கறீங்க, அந்தப் பெங்களூர்ப் பொண்ணப் பத்தி நாச்சிமுத்து காதுல நான் முன்னயே போட்டனே, கல்யாணம் ஆனா சரியாப் போயிருமுன்னு அவருதான சொன்னாரு. நாச்சிமுத்து என்பது என் அப்பா. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பில்களை ஒவ்வொன்றாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தார். இதுவரைக்கும் நான் அவரிடம் அதைக் கேட்கவில்லை. எத்தனையோ முறை கேட்கப் போய், தண்ணி வேணுங்களாப்பா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தக் கார்டை நான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்குப் புடவை எடுக்க பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது கையில் தட்டும், ஒரு நாள் எடுத்துவிட்டேன். நம்பர் மனப்பாடமாகவே இருக்கிறது. இப்போது உள்ளிருந்து அந்த மனிதர் வந்து அதே நம்பரைக் காட்டினால் நான் என்ன செய்ய வேண்டும். கத்த வேண்டுமா. இது என் அப்பா வாங்கினது என்று மேஜையை அறைய வேண்டுமா. அறைந்தால் அவர் சொல்வார், அப்படீங்களா மேடம், ரொம்ப சந்தோஷம், அப்ப பேப்பர் உங்ககிட்டத்தான் இருக்குதுங்களா, விலை ஏறிருமேங்க. அதையும் யோசித்துத்தான் பார்க்கிறேன், வெட்கம் கெட்ட மனம், கணக்குப் போடுகிறது. அது அவனுடையதாக இருந்தால் எல்லாம் பொருந்திவிடும், வாட்ச் இங்கே, பேப்பர் எங்கள் பீரோவில், நவநீதனின் அம்மா கேட்டபடியே முழுசு. ஒரே வாட்சை இரண்டு மாப்பிள்ளைகளுக்கு இரண்டு தரம் வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் என்று அப்பாவுக்கு மாலை போடலாம். கார்டில் என் கல்யாணத் தேதிக்கு முந்தின வாரத் தேதி இருக்குமே, அதைக் கேட்டால் என்ன சொல்வது. விமல்குமார் ஏன் விற்றான், பணமுடையா, பெங்களூர்க்காரி விற்கச் சொன்னாளா, அவள் கையை உதறிவிட்டுப் போய்விட்டாளா. போயிருந்தால் நல்லது. நல்லதில்லை, அவள் பாவம், அவளிடமும் இவன் ஒண்ணும் வேண்டாம் என்றுதான் ஆரம்பித்திருப்பான். அது அவனுடையதாக இருக்கக் கூடாது. அவனுடையதாக இருக்க வேண்டும். இருந்தால் இத்தனை வருடம் வைத்திருந்த கோபத்தை இறக்கி வைக்க ஒரு மேஜையாவது கிடைக்கும்.

சும்மா இருக்க முடியாமல் பெட்டியைத் திறந்தேன். பெட்டி ஒரிஜினல்தானுங்க, பேப்பர்தான் இல்லை என்று முதலிலேயே சொன்னார். செக்கிங் பார்க்கிற கை, எதைக் கொடுத்தாலும் ஓரத்தைத்தான் முதலில் தேடும். மூடியின் நாலு மூலையிலும் விரலை ஓட்டினேன், தோல் மடிப்பில் ஒரு மூலையில் மட்டும் செம்மண் நிறத்தில் ஏதோ கறை, துடைத்துத் துடைத்தும் போகாதது. உள்ளே வாட்சைச் சுற்றி வைக்கிற வெல்வெட் தலையணை, அதைத் தூக்கினேன். அடியில், மூலையில், ஒரே ஒரு மஞ்சளரிசி. காய்ந்து, சுருங்கி, ஆனால் மஞ்சள் போகாமல் இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். யாருடையதோ கல்யாணம். தட்டில் பெட்டியைத் திறந்து வைத்து, நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாரும் அரிசி போடும்போது ஒன்று குறி தவறி உள்ளே விழுந்திருக்கிறது. என் கல்யாணத்திலும் அப்படித்தான் வைத்தார்கள், எல்லார் வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள். உள்ளே போன மனிதர் அப்போதுதான் வந்தார். சின்னத் தட்டில் வாட்சைக் கவிழ்த்து வைத்து, பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளி, பாருங்க மேடம், நம்பரு சுத்தமா இருக்குதுங்க, அழிச்சு எழுதுனதெல்லாம் இல்லீங்க என்றார். குனிந்தேன். முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. அவனுடையது இல்லை. போனை எடுத்துப் படத்தோடு ஒப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. இத்தனை நேரம் மூட்டம் போட்டு வைத்திருந்த கோபத்தை இறக்கி வைக்க இந்த மேஜையும் இல்லை என்று ஆகிவிட்டது.

இது கல்யாணத்துல வந்ததுங்களா என்று கேட்டேன். வித்தவங்க யாருன்னு சொல்லக் கூடாதுங்க மேடம் என்றார். யாருன்னு கேக்கலீங்க என்று உள்ளங்கையை நீட்டினேன். அரிசியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கொஞ்சம் சங்கடப்பட்டார். க்ளீனிங்ல விட்டுப் போச்சுங்க, சாரி மேடம். பிறகு என் முகத்தைப் பார்த்து, என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார். இந்த மாடலு இந்தப் பக்கம் வர்றது பாதிக்குப் பாதி அப்படித்தானுங்க. மாமனாரு போட்டதா இருக்கும். வருசம் ஒண்ணு ரெண்டுல கொண்டு வந்துருவாங்க. பெட்டி இருக்கும், பேப்பர் இருக்காது. பேப்பரு எங்கீங்கன்னு கேட்டா முழிப்பாங்க. அது மாமனாரு வீட்டுப் பீரோவுலதானுங்க இருக்கும், போயிக் கேக்க முடியுங்களா. பேச்சுவார்த்தை இருந்தாத்தான கேக்கறதுக்கு. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், தினம் பார்க்கிற வியாபாரம். ஆனால் எனக்கு அந்தக் கண்ணாடி அலமாரி முழுக்க ஒரே விதமாகத் தெரிந்தது, வரிசையாக வாட்சுகள், ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு பீரோ, தாராபுரத்தில் ஒன்று, கோபியில் ஒன்று, பெருந்துறையில் ஒன்று, கூறைப்புடவைக்கு அடியில் ஒரு கார்டு, அதைப் பூட்டி வைத்துவிட்டு எல்லாம் நம் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு அப்பா. எங்கள் வீடு மட்டும்தான் ஏமாந்தது என்று நான் இத்தனை நாள் கூனிக் குறுகிக் கிடந்தேனே. இத்தனை பேரா. இத்தனை பேரும் அடுத்த பெண்ணுக்கும் இதே வாட்சைத் தேடிக்கொண்டு வருகிறோமா. எங்களைப் போல முட்டாள்கள் யாராவது உண்டா.

பேப்பர் கண்டிப்பா வேணும்னா ஒண்ணு ஏற்பாடு பண்ணலாமுங்க, வேற கார்டு, யாரும் நம்பரெல்லாம் பார்க்க மாட்டாங்க, ஆனா அது எனக்குப் புடிக்காதுங்க, நானே வேண்டாம்னுதான் சொல்லுவேன் என்று அவர் இன்னும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு போன் பேசிக்கறனுங்க என்றேன். மிருதுவுக்குப் போட்டேன். யோசித்துப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன், யோசித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன், அப்பாவுக்குச் செய்த சத்தியம் குறுக்கே வந்திருக்கும். காலையில்தான் அவள் ஜாக்கெட் கழுத்துக்கு இரண்டு டிசைன் அனுப்பி, எதுக்கா நல்லாருக்குது என்று கேட்டிருந்தாள், நான் பதில் போடவில்லை. எடுத்ததும் அதைத்தான் கேட்டாள், பார்த்தயாக்கா, போட்டோ. மிருது, நான் கோயமுத்தூர்ல இருக்கறன், உன்ற மாப்பிள்ளைக்கு வாட்ச் வாங்கிட்டு இருக்கறன் என்றேன். வாட்ச்சா, எதுக்கு, அவங்கதான் ஒண்ணும் வேண்டாம்னாங்களே. அவரு கேட்டாரு. யாரு. நவநீதன், பொண்ணு பார்த்துட்டுப் போறப்பவே அப்பாகிட்டக் கேட்டாரு, மாடல்கூடக் காட்டுனாரு, அவங்கம்மா பேப்பரோட வேணும்னாங்க, உனக்குச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது, டெய்லர் கடையில் இருந்திருப்பாள். அவரு என்கிட்ட சொன்னாருக்கா என்றாள், எங்க வீட்டுல எதுவும் எதிர்பார்க்கலைன்னு, நேத்துக்கூடச் சொன்னாரு. இருக்கா, வெச்சுட்டுக் கூப்பிடறன் என்று வைத்துவிட்டாள்.

இப்போதுதான் பயம் வருகிறது. இத்தனை நேரம் கோபத்தில் பயத்துக்கு இடமில்லை, இப்போது கை விரல்களெல்லாம் ஈரமாகிவிட்டன. என்ன காரியம் செய்துவிட்டாய் நித்யா. நாளைக்கு இந்தக் கல்யாணம் நின்றால் சரோஜா அத்தை என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே வார்த்தை வார்த்தையாகத் தெரியும். தான் வாழலைன்னு தங்கச்சியையும் வாழ விடல. அதை ஊர் முழுக்கச் சொல்வார்கள், மண்டபக்காரர்கூடச் சொல்வார், ஒருவேளை மிருதுவே ஒரு நாள் சொல்வாள், பாத்திரம் கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல். அதுதான் பயம், மற்றதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஒரு வாட்ச்தானே, வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், எல்லாரும் கொடுக்கிறார்கள், எல்லாப் பையனும் கேட்கிறான், கேட்கிறவனெல்லாம் விமல்குமார் ஆகிவிடுவானா. ஆக மாட்டான். நவநீதன் நல்லவனாகவே இருக்கலாம், சிரித்துப் பேசுகிறான், மிருதுவின் ஆபீஸுக்கு வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு வாட்சுக்காக ஒருவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியுமா. ஆனால் கேட்டதை ஏன் கேட்கவில்லை என்று சொன்னான். கேட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் இந்தச் சோபாவில் உட்கார்ந்து பேரம் பேசி முடித்திருப்பேன், திட்டிக்கொண்டேயாவது வாங்கியிருப்பேன். அவன் அவளிடம் மறைத்தான், அப்பா அவளிடம் மறைத்தார், நானும் மறைத்தேன், எல்லாரும் சேர்ந்து ஒருத்தியின் கண்ணைப் பொத்தி மணையில் உட்கார வைப்பதற்குப் பெயர் மங்கள காரியம். எனக்கும் அப்படித்தான் பொத்தினார்கள். ஜவஹர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். குடித்தேன். அரிசி இன்னும் கையிலேயே இருந்தது, ஈரத்தில் உள்ளங்கையில் லேசாக மஞ்சள் பிடித்திருந்தது.

போன் அடித்தது. மிருது. எடுக்கும்போது கை தவறி ஸ்பீக்கரில் பட்டு, பதறி அதை அணைத்துக் காதில் வைத்தேன். என்ன சொன்னாரு என்றேன். மிஷின் சத்தம் இல்லை, வெளியே வந்து தெருவில் நிற்கிறாள், பஸ் ஒன்று போகிறது. நான் சண்டையெல்லாம் போடலக்கா என்றாள், சாதாரணமாத்தான் சொன்னேன், அக்கா உங்களுக்கு வாட்ச் வாங்கப் போயிருக்குது, நீங்க கேட்டீங்களாமா அப்படீன்னேன். இல்லைன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன், இல்லாட்டி சாரின்னாவது சொல்லுவாருன்னு நெனச்சேன். சரி, என்ன சொன்னாரு. பேப்பரோட வருதான்னு கேட்டாருக்கா. சொல்லிவிட்டு அவள் சிரித்த மாதிரி இருந்தது, பிறகு சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டு கேட்க முடியவில்லை. நீ வாங்கிட்டயாக்கா. இல்ல கண்ணு, இன்னும் வாங்கல. வாங்காத. வாங்காம வந்துரு. அவள் மூக்கை உறிஞ்சுகிறாள். நான் யோசிக்கணுமுக்கா, யாரும் என்னை அவசரப்படுத்தக் கூடாது, நீ பக்கத்துல இரு. இருக்கறன் என்றேன்.

பேக் பண்ணிரட்டுங்களா மேடம் என்றார் ஜவஹர், கேட்கும்போதே பதில் தெரிந்த குரலில். வேண்டாமுங்க, உங்க வாட்சு மேல குத்தமில்லீங்க என்றேன். வெல்வெட் தலையணையைத் தூக்கி, அந்த அரிசியை இருந்த மூலையிலேயே திரும்ப வைத்து மூடினேன். இதைத் துடைச்சுப் போட்றாதீங்க, அடுத்து யாராவது பேப்பர் கேட்டா இதை எடுத்துக் காட்டுங்க என்றேன். அவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது அப்பா கூப்பிட்டார். போனுக்குப் பின்னால் களத்தில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. முடிஞ்சுதா அம்மிணி, நல்லாருக்குதா. நான் வாங்கலீங்கப்பா. ஏங்கண்ணு, பேப்பருக்கு ஏதாச்சும் சொல்றாங்களா. இல்லீங்க, மிருது வேண்டாம்னுட்டா. அப்பா அங்கிருந்து நகர்ந்து எங்கோ ஓரமாக வந்தார் போல, சத்தம் குறைந்தது. அவகிட்டச் சொல்லிட்டயா என்றார். சொல்லிட்டனுங்க என்றேன். ஏஞ்சாமி இப்படிப் பண்ணுன, உன்கிட்டச் சொல்லித்தான அனுப்புனேன். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது, அந்தப் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும், பில்களுக்கு ரப்பர் பேண்டு போட்டபோது அவர் விரல்களில் இருந்தது. படிக்கட்டில் பாதியில் நின்றேன். தண்ணி வேணுங்களா என்று கேட்க இந்த முறை எதிரில் அவர் இல்லை.

என்ற கல்யாணத்தப்ப எனக்கு யாரும் சொல்லலீங்கப்பா, என்றேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும்.